மெத்தைக்காரர் பிணமாக நடித்த கதை

கடைக்கு வந்தவர்களிடம் மெத்தைக்காரர் மெத்தையைப் பற்றி அதிகம் பேச மாட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார், மெத்தை மேல் ஏறி மல்லாந்து படுப்பார், கைகளை மார்பில் கோத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அவ்வளவுதான் அவருடைய வியாபாரம். ஒரு நிமிடம் போகும். வந்திருக்கும் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பெண்மணி மெல்ல, "நிஜமாவே தூங்கிட்டாரா?" என்பாள். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து மெத்தையின் மறுஓரத்தில் தொம்மென்று உட்கார்ந்து இரண்டு குதி குதிப்பார். மெத்தைக்காரரின் ஒரு முடிகூட அசையாது. பிறகு நிதானமாகக் கண்ணைத் திறந்து, "இதுல படுத்தா இப்படித்தாங்க" என்பார். பத்தில் எட்டுப் பேர் அந்த மெத்தையை எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

இருபத்திரண்டு வருடங்களாக இப்படித்தான் படுத்துப் படுத்தே முன்னேறியிருந்தார். முதலாளியின் அப்பா காலத்தில் மூட்டை இறக்க வந்தவர், இப்போது கடையின் தலைமை விற்பனையாளர். முதலாளிக்கு முப்பது வயதுதான். இவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஒருநாளும் கடையில் தூங்கியதில்லை. சும்மா இருப்பது அவருக்கு இயல்பாக வந்தது. பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் படத்தில் மற்ற முகமெல்லாம் அசைந்து கலங்கிக் கிடக்க, இரண்டாவது வரிசையில் இவர் முகம் மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக விழுந்திருக்கும்.

அவர் மனைவி அதற்கு நேர்மாறு. மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரையிலிருந்து ஊரே தொலைபேசியில் அவளைத் திட்டும். அதையெல்லாம் பதவிசாகக் கேட்டு, புகார் எண் கொடுத்துவிட்டு, சேர்த்துவைத்த பதிலை வீட்டுக்கு எடுத்துவருவாள். வீட்டில் கேட்பதற்கு அவர்தான் இருந்தார்.

"உங்களுக்கும் மின்கம்பத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்" என்பாள். "கம்பம் சாஞ்சா நாலு பேர் போன் பண்ணிச் சொல்லுவாங்க."

அவர் அதற்கும் சும்மாதான் இருப்பார். இப்படி இருபத்தாறு வருடம் ஓடி, ஒரே மகள் வளர்ந்து, பல் டாக்டரிடம் உதவியாளராக வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். வாழ்க்கை அப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு சினிமா இயக்குநர் மெத்தை வாங்க வந்தான்.

சின்னப் பையன்தான். தாடி மட்டும் பெரிது. எடுக்கப்போகும் படத்தில் ஒரு படுக்கையறை வருகிறது, அதற்கு மெத்தை வேண்டும் என்றான். வழக்கம்போல இவர் படுத்தார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. பையன் ஒன்றும் பேசவில்லை. நாலு நிமிடம் கழித்து மூக்கின் கீழே யாரோ விரலை வைத்துப் பார்ப்பது தெரிந்தது.

"சார்" என்றது ஒரு நடுங்கும் குரல். "இருக்கீங்களா?"

"அஞ்சு வருஷம் கேரண்டி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"மெத்தையை விடுங்க சார். நீங்க என் படத்துல நடிக்கணும்."

விஷயம் இதுதான். படத்தின் பெயர் 'மாமா தூங்குகிறார்'. ஊரையே ஆட்டிப் படைக்கும் ஒரு மாமா. அவரைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று முடிவுசெய்து மருமகள் அறைக்குள் போகிறாள். அதே நேரம் திருட வந்த ஒருவன் ஜன்னல் வழியாக உள்ளே குதிக்கிறான். மாமா ஏற்கெனவே செத்துக் கிடக்கிறார். இவன்தான் கொன்றுவிட்டான் என்று அவளும், அவள்தான் கொன்றுவிட்டாள் என்று அவனும் நினைக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் இருவருக்கும் காதல். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, மூன்று நாள் பிணத்தைச் சக்கர நாற்காலியில் வைத்து ஊர் முழுக்கத் தள்ளிக்கொண்டு திரிகிறார்கள். யார் கேட்டாலும், "மாமா தூங்குறார்" என்று ஒரே பதில். கடைசியில்தான் தெரியவரும், மாமா தொண்டையில் இருமல் மிட்டாய் சிக்கிச் செத்தார் என்று.

மாமா வேடத்துக்குப் பதினோரு பேரைப் படுக்கவைத்துப் பார்த்தாயிற்று. ஒருவருக்கு இமை துடித்தது, ஒருவருக்குத் தொண்டை ஏறி இறங்கியது, ஒருவர் சிரித்துவிட்டார். இவர் ஒருவர்தான் இயக்குநரையே கதிகலங்க வைத்தவர்.

வீட்டில் இதைச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார்.

"சினிமாவுல நடிக்கக் கூப்பிடுறாங்க."

மனைவி கையிலிருந்த கரண்டியோடு திரும்பினாள். "உங்களையா? என்ன வேஷம்?"

"மாமா வேஷம். கதாநாயகிக்கு மாமா."

"நிறைய வர்றீங்களா?"

"படம் முழுக்க வர்றேன்."

அன்று சாப்பாட்டுக்கு ஒரு கூட்டு அதிகமாக இருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் புகார்ப் பிரிவுக்கும் செய்தி போயிற்று. இரண்டாம் நாள் மகள் எங்கேயோ விசாரித்துவிட்டு வந்து குட்டை உடைத்தாள். "அம்மா, அப்பாவுக்குப் பொணம் வேஷம்மா."

மனைவி கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லாமல் நின்றாள். அந்த வீட்டில் அது அபூர்வம். பிறகு, "இருபத்தாறு வருஷமா வீட்ல ஒத்திகை பார்த்தது போதலையாக்கும்" என்றாள். சிரித்தாள். ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. தட்டுகளை எடுத்து அடுக்கும்போது, யாரையும் பார்க்காமல், "நடிச்சுக்கோங்க. ஆனா நான் பார்க்க மாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள்.

அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது. படத்தின் முதல் காட்சியில், சாவதற்கு முன்னால், மாமாவுக்கு ஒரே ஒரு வசனம் உண்டு: "என்னைக் கேட்காம இந்த வீட்ல ஒரு ஈ கூடப் பறக்கக் கூடாது!" கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டே அதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். கோபமாக, அமைதியாக, 'ஈ'யை நீட்டி, 'கூட'வை அழுத்தி.

"இங்க ரெண்டு ஈ பறக்குது" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். "உங்களைக் கேட்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். வந்து என்னான்னு பாருங்க."

படப்பிடிப்பு பதினெட்டு நாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள், அலமாரிக்குள் நிற்கவைத்தார்கள், காரின் பின்சீட்டில் சாய்த்தார்கள், கல்யாண விருந்தொன்றில் பந்திக்கு நடுவே உட்காரவைத்து முன்னால் தட்டும் போட்டார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் வசனத்தை மறந்து மறந்து ஒரே காட்சியை ஒன்பது தடவை எடுப்பார்கள். ஒன்பது தடவையும் இவர் ஒரே மாதிரி செத்திருப்பார்.

ஆறாம் நாள் அந்த அதிசயம் நடந்தது. கதாநாயகன் கதாநாயகியிடம் காதலைச் சொல்லும் நேரம். நடுவில் பிணம். எங்கிருந்தோ ஒரு நிஜ ஈ வந்து அவர் மூக்கின் நுனியில் உட்கார்ந்தது. மூக்கிலிருந்து உதட்டுக்கு நடந்தது, உதட்டிலிருந்து இமைக்குப் போனது. அங்கே நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டது. அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் அசையவில்லை. ஈக்கே அலுத்துப்போய்ப் பறந்த பிறகு, இயக்குநர் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதான். "எப்படி சார்?" என்று கேட்டான். "கடையில முதலாளியே பக்கத்துல வந்து குதிப்பாரு தம்பி. இது ஈதானே" என்றார்.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. முதல் காட்சிக்கு மகளையும் முதலாளியையும் கூட்டிக்கொண்டு போனார். மனைவி லீவு போடாமல் வேலைக்குப் போய்விட்டாள்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு கதவு திறந்தது. மருமகள் உள்ளே வந்தாள். நாற்காலியில் மாமா, ஏற்கெனவே செத்துப்போய்.

வசனத்தை வெட்டியிருந்தார்கள்.

அரங்கின் இருட்டில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அரைமணி நேரம் கழித்துத் திரையில் மட்டும் நன்றாக ஆடியது.

வெளியே வந்து இயக்குநருக்குப் போன் போட்டார். கோபப்படத்தான் நினைத்தார், அது சரியாகப் பழக்கமில்லை. "தம்பி, அந்த ஈ வசனம் காணோமே?" என்றுதான் வாயில் வந்தது.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றான் அவன். "வச்சுத்தான் பார்த்தோம். நீங்க பேசி ஒரு தடவை கேட்டுட்டா, நீங்க உயிரோட இருந்த மனுஷன்னு ஆயிடுது. அப்புறம் உங்களை நாற்காலியில வச்சுத் தள்ளும்போது யாருக்கும் சிரிப்பு வர மாட்டேங்குது."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதுதான் வருத்தமாகவும் இருந்தது.

படத்தை ஊர் ஏற்றுக்கொண்ட விதம் ஆளுக்கொரு தினுசு. ஒரு பத்திரிகை, கொலையைக் காதலோடு குழைத்துக் கொடுத்துக் குழந்தைகளைக் கெடுக்கிறார்கள் என்று பொங்கியது. இன்னொன்று, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியது. ஆனால் அதே பத்திரிகை கடைசி வரியில், 'மொத்தப் படத்திலும் உயிரைக் கொடுத்து நடித்திருப்பது பிணம் ஒன்றுதான்' என்றும் போட்டிருந்தது. முதலாளி அதை வெட்டிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். மூன்றாவது பத்திரிகைதான் அவர் மனதைப் புண்படுத்தியது. அது, பிணமாக வைத்திருந்த ரப்பர் பொம்மையைச் செய்த கலைஞருக்கு விருது தர வேண்டும் என்றது. இணையத்தில் ஒருவன், 'பொம்மை அருமை, ஈ கிராஃபிக்ஸ் சுமார்' என்று எழுதியிருந்தான்.

"ஏம்மா, நான் பொம்மையா?" என்று மகளிடம் கேட்டார்.

"விடுங்கப்பா. ஈயை நினைச்சுப் பாருங்க. அது எவ்வளவு வருத்தப்படும்?"

தெருவில் பிள்ளைகள் அவரைப் பார்த்ததும், "மாமா எழுந்துட்டார்டா!" என்று கத்திக்கொண்டு ஓடின. கடையில் 'மாமா தூங்கிய மெத்தை' என்று முதலாளி பலகை எழுதி வைத்தார். வந்தவர்கள் மெத்தையை அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். புகார்ப் பிரிவுக்கும் போன் வந்தது. "மேடம், எங்க தெருவுல கரண்ட் இல்லை. மாமா வீட்லயாவது இருக்கா?" அவள் பட்டென்று வைத்துவிட்டாள். வீட்டில் அந்தப் படத்தின் பேச்சை எடுத்தாலே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஆனால் இரண்டாவது வாரம் புதன்கிழமை அவள் அரைநாள் லீவு போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த தியேட்டரில் மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் நடந்ததெல்லாம் நாலு பேர் சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்தது.

முதல் பாதியில் வாயைத் திறக்கவில்லையாம். இடைவேளைக்குப் பிறகு மழைக் காட்சி வந்தது. நடுரோட்டில் திடீரென்று மழை கொட்டுகிறது. கதாநாயகனிடம் ஒரே ஒரு குடை. அதற்குள் இரண்டு பேரும் ஒண்டி நின்று கண்ணும் கண்ணுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். குடைக்கு வெளியே, சக்கர நாற்காலியில், மாமா தொப்பலாக நனைகிறார். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஓரத்து இருக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"என்னங்க சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" தொலைபேசியில் ஊரையே சமாளித்த குரல் அது, பின்வரிசை வரைக்கும் கணீரென்று போயிற்று. "மூணு நாளா அந்த மனுஷனைத் தள்ளிக்கிட்டே திரியிறாங்க. ஒரு போர்வை போத்தினாங்களா? இப்ப மழையில விட்டுட்டுக் காதல் வேற! அந்தக் குடையை இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சா குறைஞ்சா போயிடுவாங்க?"

முன்னால் ஒரு வாலிபன் திரும்பி, "அக்கா, அது பொணம்க்கா" என்றான்.

"பொணமா இருந்தா நனையலாமா? மழையில நனைஞ்சா அவருக்கு மூணு நாள் இருமல் வரும். உனக்கென்ன தெரியும்? கஷாயம் வைக்கிறது நீயா நானா?"

பிறகு யாருக்கோ விஷயம் புரிந்து, "மாமாவோட சம்சாரம்டா!" என்று கத்தினான். மொத்த அரங்கமும் எழுந்து கைதட்டியது. அவளுக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. யாராவது அவருக்குத் தலை துவட்டிவிடுகிறார்களா என்று பார்க்க வேண்டியிருந்ததால் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். யாரும் துவட்டவில்லை.

அந்த வாலிபன் எல்லாவற்றையும் போனில் பிடித்துவிட்டிருந்தான். மறுநாள் காலை அது ஊரெல்லாம் ஓடியது. சனிக்கிழமை பத்திரிகையில், 'பிணத்துக்குக் குடை கேட்ட மனைவி' என்று பெரிய எழுத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, வானத்தில் ஒரு துளி மேகமில்லாத வெயிலில், தியேட்டர் வாசலில் நூறு பேர் குடையோடு நின்றார்கள். மழைக் காட்சி வந்ததும் உள்ளே எல்லாரும் குடையை விரித்து, "மாமாவுக்குப் பிடிங்கப்பா!" என்று கூச்சல் போட்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்குத் திரையே தெரியவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. தூக்கத் தயாராயிருந்த படம் நிறைந்த அரங்கோடு ஓடத் தொடங்கியது.

தியேட்டர் மேலாளர் நேரே புகார்ப் பிரிவுக்கே வந்துவிட்டார். தினமும் மதியக் காட்சிக்கு வந்து ஒரே ஒரு தடவை எழுந்து நின்றால் போதும் என்று கெஞ்சினார்.

"மின்சாரத்தைப் பத்தி ஏதாவது புகார் இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லைங்க, நான் வந்தது..."

"அடுத்தவர் வாங்க."

அந்த வீடியோவை மெத்தைக்காரருக்கு மகள்தான் அனுப்பினாள். கடையின் பின்கட்டில், தலையணை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நாலு தடவை பார்த்தார். முதலாளி தேடிக்கொண்டு வந்தபோது கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு சட்டையை எடுத்து அவரும் மடித்தார். அவள் அதை வாங்கி உதறிச் சரியாக மடித்தாள்.

"அது நிஜ மழை இல்லை" என்றார் கடைசியில். "தண்ணி லாரி."

"யார் கேட்டா?"

"சும்மா சொன்னேன். வெந்நீர் கலந்துதான் ஊத்துனாங்க."

அவள் கை நின்றது. "வெந்நீரா?"

"வெதுவெதுன்னு."

"பொய்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, பச்சைத் தண்ணிதான். ஆறு தடவை எடுத்தாங்க."

"அதான் அந்த வாரம் பூரா இருமினீங்க. கடைல புழுதின்னு சொல்லி என்னை ஏமாத்திட்டீங்க" என்றவள், மடித்த துணியை மறுபடி உதறினாள். "ஆறு தடவை! ஒருத்தன்கூட ஒரு துண்டு எடுத்துட்டு வரலை. நான் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேனே."

"அது படத்துலம்மா. வெளியே ஒரு பையன் துண்டு குடுத்தான்."

"உடனேவா?"

"உடனே."

"நல்லாயிருக்கட்டும்" என்றாள் அவள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சும்மா இருந்தார். ஆனால் அன்றைக்கு அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

படம் ஐந்து வாரம் ஓடியது. இயக்குநர் நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தான். அடுத்த படத்தில் நீங்களும் நடிக்க வேண்டும் என்று அவளைக் கேட்டுப் பார்த்தான். "யாரைச் சாகடிக்கப் போறீங்க?" என்றாள். அவன் பயந்துபோய், இந்தத் தடவை சாருக்கு உயிருள்ள வேடம்தான், அடுக்குமாடிக் காவலாளி, நாலு வசனம், நாலையும் வெட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நாலு வசனமும் படத்தில் இருந்தன. மெத்தைக்காரர் நடந்தார், கதவைத் திறந்தார், சலாம் வைத்தார், பேசினார். கை இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கியது போல ஒட்டாமல் தொங்கின. முன்பு அவரைப் பொம்மை என்று எழுதிய அதே பத்திரிகை இந்தத் தடவை, 'காவலாளியாக வருபவர் உயிரே இல்லாமல் நடித்திருக்கிறார்' என்றது. படித்துக் காட்டிவிட்டு அவரே சிரித்தார். மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு இரண்டு படங்களிலிருந்து பிணமாக நடிக்கக் கூப்பிட்டு ஆள் வந்தது. வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்ப்ரிங் மெத்தைப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார்.

மனைவிக்கு மட்டும் அந்தக் காவலாளிப் படம் மிகவும் பிடித்துப்போயிற்று. "நல்லா நடக்கிறீங்க, பேசுறீங்க, வேலை முடிஞ்சு சைக்கிள் எடுத்துட்டு வீட்டுக்குப் போறீங்க. ஒரு படத்துல இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள். நாலு தடவை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அலுவலகத்திலிருந்து வேறு வேறு ஆளை இழுத்துக்கொண்டு போனாள். நாலாவது தடவை போனபோது அரங்கில் மொத்தம் ஏழு பேர். திரையில் காவலாளி வந்து கதவைத் திறந்ததும், பக்கத்தில் கண்ணயர்ந்திருந்த தோழியைத் தட்டி எழுப்பி, "இதோ, இவர்தான்" என்றாள்.